செம்பனைப் பழத்தின் சிவப்பு



சென்ற பள்ளி விடுமுறையின்போது, நம்மிடம் படிக்கும் ஒரு மாணவனின் பாட்டி கையில் ஒரு கண்ணாடிப் போத்தலுடன் வந்தார். கருஞ்சிவப்பு நிறச் சாறு. வெளியிலே அழகான பழங்களின் படம். பக்கத்துப் பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் லயத்தில் வீடு வீடாக ஏறி விற்றுவிட்டுப் போனாராம். விலை 130 வெள்ளி. "வாத்தியாரே, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இதைக் குடிச்சா இனிப்புநீர் மாத்திரையே வேணாம்னு சொன்னாரு. நானும் பத்து நாளா மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார்.

போத்தலில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த சொல் 'ஆண்டி ஆக்சிடென்ட்'. பழத்திலிருந்து எடுத்த இயற்கையான ஆண்டி ஆக்சிடென்ட் என்று அதில் நான்கு இடங்களில் போட்டிருந்தார்கள். பாட்டிக்கு என்ன சொன்னோம் என்பதைப் பிறகு சொல்கிறோம். அந்தச் சொல்லின் வரலாற்றை முதலில் பார்த்துவிடுவோம். அது எங்கோ சீமையில் மட்டும் நடந்த வரலாறு அன்று. நம் பாட்டன்மார் வெட்டிய பால்மரமும், நம் தாய்மார் பொறுக்கிய செம்பனைப் பழமும் அதில் வருகின்றன.

காற்றில் இருக்கும் பிராணவாயு இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. அதே பிராணவாயுதான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. எண்ணெயைச் சிக்கெடுக்க வைக்கிறது. வெயிலில் கிடந்த ரப்பர்த் துண்டைப் பிசுபிசுக்க வைக்கிறது. எண்ணெயிலும் ரப்பரிலும் இது நடக்கும் விதம் விசித்திரமானது. ஒரு மூலக்கூறு தாக்கப்பட்டால் அது தன் பக்கத்து மூலக்கூறைத் தாக்கும். அது அடுத்ததைத் தாக்கும். காய்ந்த லாலாங் புல்லில் ஒரு முனையில் பிடித்த தீ மறுமுனை வரை ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பொருள்கள் இந்தத் தீயின் முன்னே தாமே போய் நின்று, தாம் கெட்டுப்போய், அதை அவ்விடத்திலேயே அணைத்துவிடுகின்றன. இவைதாம் ஆண்டி ஆக்சிடென்ட் எனப்படுபவை. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று பாடநூல்களில் எழுதுவார்கள். நாம் இங்கே சுருக்கமாகக் காவல் பொருள் என்று சொல்லிக்கொள்வோம்.

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் சார்ல்ஸ் மூரே, சார்ல்ஸ் டுஃப்ரெஸ் என்ற இரு ரசாயன அறிஞர்கள் 'அக்ரோலீன்' என்ற நச்சுத் திரவத்தைக் கெடாமல் வைக்க வழி தேடினார்கள். அதில் வேறு சில பொருள்களை மிகச் சிறிதளவு கலந்தாலே பிராணவாயுவின் வேலை நின்றுவிடுவதைக் கண்டார்கள். 1922ஆம் ஆண்டு வாக்கில் அவற்றுக்குப் பிராணவாயுவின் எதிரி என்னும் பொருள்படப் பெயரும் வைத்தார்கள். போருக்காகத் தேடியது பிற்காலத்தில் பிஸ்கட் டின்னுக்கும் சமையல் எண்ணெய்க்கும் உதவியது.

இந்த அறிவுக்காக ஆலாய்ப் பறந்தவர்கள் ரப்பர் வியாபாரிகள். மோட்டார் வண்டிகள் பெருகிய காலம் அது. டயர் செய்து விற்றால் சில வருடங்களில் வெடித்துப் பொடிகிறது. ஆனால் சுத்தம் செய்யப்படாத தோட்டத்து ரப்பர், சுத்தம் செய்த ரப்பரைவிட நெடுநாள் தாங்குவதை அவர்கள் கவனித்தார்கள். அசிட்டோன் என்ற திரவத்தில் ரப்பரை ஊறவைத்து அதிலுள்ள பிசின்களை எடுத்துவிட்டால், மிச்சமுள்ள ரப்பர் சீக்கிரமே கெட்டுவிடும். ஆகவே மரமே தன் பாலுக்குள் ஏதோ ஒரு காவல் பொருளை வைத்திருக்கிறது என்பது 1920களிலேயே தெரிந்துவிட்டது. அது இன்னதென்றுதான் தெரியவில்லை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 1938ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் வந்த வழி, மலாயாவிலிருந்து கப்பலேறிய ரப்பரின் மீது ராத்தல் கணக்கில் வாங்கப்பட்ட தீர்வை. அந்த ஆய்வுக்கூடத்தில் பொலண்ட், ஜீ என்ற இரு அறிஞர்கள் எண்ணெயும் ரப்பரும் காற்றில் எப்படிக் கெடுகின்றன என்பதைப் படிப்படியாக அளந்து, 1946ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மேலே நாம் சொன்ன லாலாங் தீயின் கணக்கு அவர்களுடையதுதான். இன்றைக்கும் உலகமெங்கும் கல்லூரிகளில் காவல் பொருள்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியிலும் கொசுக்கடியிலும் நிரை பிடித்து வெட்டிய கைகள் இந்தப் பாடத்துக்குப் பணம் கட்டியிருக்கின்றன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் அறிவியல் படித்தபோது இதை நமக்கு எவரும் சொல்லவில்லை. பின்னாளில் தானாகப் படித்துத் தெரிந்துகொண்டபோது, நம் தாத்தாவின் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கோ ஓர் அடிக்குறிப்பிலாவது இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

மரம் ஒளித்து வைத்த அந்தக் காவல் பொருளுக்கு வருவோம். 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இருவர், எலிகள் குட்டி போடுவதற்குத் தேவையான ஒரு சத்து கீரையிலும் தானியத்திலும் இருப்பதைக் கண்டார்கள். அதுவே பின்னர் 'ஈ' வைட்டமின் ஆயிற்று. 1936ஆம் ஆண்டில் அதைத் தனியே பிரித்து 'டோகோபெரால்' என்று பெயரிட்டார்கள். 1960களில், இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பெனக் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் ரப்பர்ப் பாலைச் சோதித்தபோது, அந்த 'ஈ' வைட்டமினின் இன்னொரு வகை அதில் இருப்பதைக் கண்டு பிரித்தெடுத்தார்கள். அதைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1966ஆம் ஆண்டில் வந்தது. அந்த வகைக்கு 'டோகோட்ரையினால்' என்று பெயர். பால்மரம் தன் பாலில் வைத்திருந்த காவல்காரர்களில் ஒருவர் இவர்தான். இதே டோகோட்ரையினால் பெரும்பாலான சமையல் எண்ணெய்களில் அவ்வளவாக இல்லாமல், செம்பனை எண்ணெயில் ஏராளமாக இருப்பது பிறகு தெரியவந்தது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனையை நட்ட நம் தோட்டங்களில், மரம் மாறியது; காவல்காரர் மாறவில்லை!

செம்பனை இந்த மண்ணின் மரம் இல்லை. அதன் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கே நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. தென்கிழக்காசியாவின் ஆதிச் செம்பனைகளின் வம்சம் அந்த நான்கிலிருந்து பெருகியது என்பார்கள். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1870களில் வந்தது. நெடுங்காலம் அது பாதையோரத்து அழகு மரமாகவே நின்றது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1911, 1912 வாக்கில் கோலசிலாங்கூர் பக்கத்தில் அதை அழகுக்காக நட்டுப் பார்த்தார். 1917ஆம் ஆண்டில், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், வியாபாரத்துக்கென்றே நட்டார். மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். அத்தோட்டத்தின் பெயரைக் கேட்டால் நேயர்கள் புன்னகைப்பீர்கள். 'தென்னமரம்' எஸ்டேட்! செம்பனை வந்து நின்ற இடத்துக்கு நம் மொழியில் தென்னையின் பெயர். அதே ஃபோக்கோனியே பின்னர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930ஆம் ஆண்டில் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றார்.

அந்தப் பழத்தின் சிவப்பு எங்கிருந்து வருகிறது? கேரட் கிழங்கிலிருந்து 1831ஆம் ஆண்டில் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் மஞ்சட்சிவப்பான ஒரு பொருளைப் படிகமாகப் பிரித்து, கேரட்டின் பெயராலேயே 'கரோட்டின்' என்று அழைத்தார். நூறு ஆண்டுகள் வரை அது வெறும் சாயமாகவே கருதப்பட்டது. 1930ஆம் ஆண்டையொட்டி தாமஸ் மூர் என்ற ஆங்கிலேயர், உடலுக்குள் சென்ற கரோட்டின் 'ஏ' வைட்டமினாக மாறுவதை எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். சுவிட்சர்லாந்தின் பால் காரர் அதன் உருவத்தையே வரைந்து காட்டி, 1937ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 'ஏ' வைட்டமின் குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும்; முற்றினால் பார்வையே போய்விடும். அந்தக் கரோட்டின் ஒரு டன் பச்சைச் செம்பனை எண்ணெயில் 500 முதல் 700 கிராம் வரை இருக்கிறது. கேரட்டோடு எடைக்கு எடை ஒப்பிட்டால், 'ஏ' வைட்டமின் கணக்கில் ஏறக்குறைய 15 மடங்கு. 'ஈ' வைட்டமினோ ஒரு டன்னுக்கு 600 முதல் 1,000 கிராம். அதில் பெரும்பங்கு டோகோட்ரையினால்.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசியும் கிடைக்காமல், கப்பல் எண்ணெயும் வராமல் போனபோது, இந்தச் சிவப்பு எண்ணெயில்தான் மரவள்ளிக்கிழங்கைப் பொரித்துத் தின்றதாக நம் பாட்டி சொல்வார். "வாசம் ஒரு மாதிரியா இருக்கும், சட்டியெல்லாம் மஞ்சளாயிரும். வேற வழி?" என்பார். போர் முடிந்து தேங்காய் எண்ணெய் திரும்பக் கிடைத்ததும் சிவப்பு எண்ணெயை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சத்தின் நிறமாக அது மனத்தில் தங்கிவிட்டது போலும். அந்த நிறம்தான் பிள்ளைகளின் கண்ணைக் காக்கும் பொருள் என்று பாட்டிக்கு யார் சொன்னார்கள்?

1960களில் ரப்பர் விலை இறங்க இறங்க, தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. 1990ஆம் ஆண்டு வாக்கில் செம்பனையின் பரப்பு ரப்பரின் பரப்பைத் தாண்டிவிட்டது. பால்வெட்டுக்குப் பழகிய கைகள் நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டப் பழகின. 1981ஆம் ஆண்டுக்கு முன்னே இன்னொரு வேலையும் இருந்தது. இந்நாட்டில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குச் சரிவரக் கொண்டு சேர்க்கும் பூச்சி இல்லை. ஆகவே நம் பெண்கள் கையில் ஊதுகுழலோடு மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளை ஊதினார்கள். அவ்வாண்டில் ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். வண்டு பெருகியது; காய் பிடித்தது; ஊதுகுழல் வேலை மறைந்தது. வண்டுக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை.

உதிரிப்பழம் பொறுக்குவது மட்டும் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் நின்றது. நாம் சிறுவயதில் விடுமுறை நாள்களில் அம்மாவோடு மரத்தடியில் உட்கார்ந்து பொறுக்கியதுண்டு. முள் குத்தும், விரல் மஞ்சளாகும், திங்கட்கிழமை நோட்டுப் புத்தகத்திலும் அந்த மஞ்சள் ஒட்டும். ஆசிரியர் திட்டுவார். அந்தக் கறைதான் கரோட்டின் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பழம் ஆலைக்குப் போன பின் நடப்பதைப் பார்ப்போம். குலை மரத்திலிருந்து விழுந்த நொடியிலிருந்தே, அடிபட்ட பழத்தின் உள்ளே இருக்கும் ஒரு நொதிப்பொருள் எண்ணெயைப் புளிக்க வைக்கத் தொடங்குகிறது. அதனால்தான் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும் என்று கிராணிகள் அவசரப்படுத்துகிறார்கள். ஆலையில் முதல் வேலை நீராவியில் வேகவைப்பது. அந்தச் சூட்டில் நொதிப்பொருள் செத்துவிடும். பழமும் குலையிலிருந்து கழலும். பிறகு உருளையில் போட்டு உதிர்ப்பார்கள், மசிப்பார்கள், பிழிவார்கள், தண்ணீரையும் சக்கையையும் பிரிப்பார்கள். வெளியே வருவது கெட்டியான செக்கச்சிவந்த பச்சை எண்ணெய். அதன் நிறத்தையும் காற்றினால் கெட்ட பங்கையும் ஒளியைச் செலுத்தி அளந்து, எண்ணெய் எவ்வளவு நல்லது என்று எண் போடும் முறை 1980களில் வந்தது. அதற்கு 'டோபி' எண் என்று பெயர். கரோட்டின் மிகுந்திருந்தால் எண் உயரும். குலையைக் காட்டிலே இரண்டு நாள் போட்டுவிட்டால் எண் விழும். ஆகவே சிவப்பு என்பது பழத்தைக் காலத்தில் சேர்த்தவரின் உழைப்புக்கும் ஒரு சாட்சி.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சிவப்பை அடுத்தபடியாக என்ன செய்தார்கள்? எரித்துவிட்டார்கள்! உலகச் சந்தையில் எண்ணெய் வெளுப்பாக, மணமில்லாமல் இருக்க வேண்டும். சீமை மார்கரினுக்கும் பிஸ்கட்டுக்கும் சிவப்பு ஆகாது. 1970களில் மலேசிய அரசு, பச்சை எண்ணெயாக அனுப்பாமல் இங்கேயே சுத்திகரித்து அனுப்புவோருக்குத் தீர்வைச் சலுகை கொடுத்தது. சுத்திகரிப்பு ஆலைகள் பெருகின. அங்கே எண்ணெயோடு ஒருவகை மண்ணைக் கலந்து நிறத்தை உறிஞ்சுவார்கள். பிறகு காற்றில்லாத கலத்தில் 240 பாகை செல்சியசுக்கும் மேலே சூடேற்றி, நீராவி செலுத்தி, மணத்தை விரட்டுவார்கள். மண் உறிஞ்சியது போக மிச்சக் கரோட்டினும் அந்தச் சூட்டில் சிதைந்துபோகும். கடையில் நாம் வாங்கும் பொன்னிற எண்ணெயில் கரோட்டின் அநேகமாக இல்லை. 'ஈ' வைட்டமின் தப்பித்துவிடுகிறது. அதில் ஒரு பங்கு எண்ணெயிலேயே தங்கும், மற்றொரு பங்கு ஆவியோடு போய்க் குளிர்ந்து, சவர்க்காரத்துக்கு அனுப்பும் கழிவுக் கொழுப்பில் சேரும்.

ஆக, ஒரு பக்கம் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கீரையும் பழமும் போதாத பிள்ளைகள். மறுபக்கம், அவர்கள் தாய்மார் பொறுக்கிய பழத்தின் கண்மருந்தை டன் டன்னாக எரிக்கும் ஆலைகள். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒப்புக்கொள்வோம். வாங்குபவர் வெளுப்பைக் கேட்டார், விற்பவர் வெளுப்பைக் கொடுத்தார். இருந்தாலும் நினைக்கும்போது மனம் கசக்கிறது.

1979ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. சுருக்கமாக 'போரிம்' என்பார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் அது இன்னொரு வாரியத்தோடு சேர்ந்து மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் ஆயிற்று. எரிந்துபோகும் சிவப்பைப் பிடிப்பது அங்கிருந்தவர்களின் வேலைகளில் ஒன்றாயிற்று. சூ யுவென் மே போன்ற மலேசிய விஞ்ஞானிகள் இதிலே பெயர் பெற்றார்கள். வழி என்னவென்றால், பச்சை எண்ணெயோடு மெத்தனால் என்ற சாராயத்தைச் சேர்த்து வினைபுரிய வைப்பார்கள். கனமான எண்ணெய், லேசான ஒரு திரவமாக மாறும். கிளிசரின் தனியே பிரிந்துவிடும். பிறகு காற்றை முற்றாக இறைத்துவிட்ட கலத்தில் இளஞ்சூட்டில் வடித்தால், லேசான திரவம் ஆவியாகிப் போக, ஆவியாகாத கரோட்டின் அடியில் தங்கும். போன திரவம் வீணில்லை. டீசலுக்குப் பதிலாக எரிக்கலாம், சவர்க்காரத் தொழிலுக்கும் ஆகும். 'ஈ' வைட்டமினை எடுப்பதற்கு அந்தக் கழிவுக் கொழுப்பே போதும். அதையும் இதே போல் லேசாக்கி வடித்துச் செறிவாக்குவார்கள். சவர்க்காரத்துக்குப் போக வேண்டிய சரக்கிலிருந்து மாத்திரை பிறந்தது. 1990களில், சூட்டைக் குறைத்து வடித்துக் கரோட்டினில் 80 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றிய சிவப்புச் சமையல் எண்ணெயும் கடைக்கு வந்தது.

இந்த ஆராய்ச்சி சூடுபிடித்ததற்கு ஓர் அயல்நாட்டுச் சண்டையும் காரணம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சோயா உற்பத்தியாளர் சங்கம், செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இருதயத்துக்குக் கேடு என்று பெரும் பிரசாரம் செய்தது. 1988ஆம் ஆண்டில் ஃபில் சோகலாஃப் என்ற செல்வர் தம் சொந்தப் பணத்தில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் போட்டார். நம் தோட்டங்களின் சோறு அதில் அடங்கியிருந்தபடியால் இந்நாட்டில் பெரும் கவலை. அந்த வேளையில், 1986ஆம் ஆண்டில், குரேஷி என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் பார்லியிலிருந்து எடுத்த டோகோட்ரையினால் உடலில் கொழுப்புச்சத்து உண்டாவதைக் குறைக்கிறது என்று கண்டிருந்தார்கள். செம்பனையிலிருந்து எடுத்ததை மனிதருக்குக் கொடுத்தும் 1991ஆம் ஆண்டில் நல்ல முடிவு சொன்னார்கள். ஆனால் 1999ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் மென்சிங்க் என்பவரின் கூட்டத்தார் செய்த சோதனையில் இரத்தக் கொழுப்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நாம் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். விளம்பரக்காரர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள்.

இதைவிடப் பெரிய பாடம் கரோட்டின் மாத்திரையில் கிடைத்தது. காய்கறி பழம் நிறைய உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்பது பழைய கணக்கு. அப்படியானால் காவல் பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று எண்ணினார்கள். பின்லாந்து நாட்டில் 1985ஆம் ஆண்டு முதல் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 20 மில்லிகிராம் கரோட்டின். 1994ஆம் ஆண்டில் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது. கரோட்டின் மாத்திரை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து நடத்திய இன்னொரு சோதனையிலும் தீமையே தெரிந்ததால் 1996ஆம் ஆண்டில் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பழத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று காவல் காக்கும் ஒன்றைத் தனியே பிரித்து, பன்மடங்கு அளவில், புகைபிடித்த நுரையீரலுக்குள் அனுப்பினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதற்காக அந்தச் சிவப்பு பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 'ஏ' வைட்டமின் குறைந்த பிள்ளைகளுக்கு அது உணவாகச் சென்றபோது வேலை செய்திருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990களில் சிவப்புச் செம்பனை எண்ணெயில் பலகாரங்கள் செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் இரத்தத்தில் 'ஏ' வைட்டமின் உயர்ந்தது. இல்லாதவருக்குக் கொடுத்தால் பலன். இருப்பவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் பலன் இல்லை, சிலருக்குக் கேடு. வரலாறு இதுவரை காட்டியிருப்பது இவ்வளவுதான்.

ஆலைக் கழிவுநீரைப் பற்றியும் ஒரு சொல். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் வரும். 1970களில் அது ஆற்றில் கலந்து மீன் செத்து மிதந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977ஆம் ஆண்டுச் சட்டவிதிகளுக்குப் பிறகே குளம் வெட்டித் தேக்கலானார்கள். அந்தப் பழத்தண்ணீரில் நீரில் கரையும் வேறு காவல் பொருள்கள் இருப்பதைக் கண்டு, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் அவற்றைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்து, 2011ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஏட்டில் வெளியிட்டார்கள். அந்த ஏட்டில் அவருடைய பெயரைக் கண்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்? அந்தப் பக்கத்தைப் படியெடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

சரி, பாட்டியின் போத்தலுக்கு வருவோம். அது மங்குஸ்தான் சாறு. மங்குஸ்தான் தோலிலிருந்து 1855ஆம் ஆண்டிலேயே ஷ்மிட் என்ற ஜெர்மானியர் 'மாங்கோஸ்டின்' என்ற மஞ்சள் பொருளைப் பிரித்திருக்கிறார். அதுவும் காவல் பொருள்தான். சோதனைக் குழாயில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது இருப்பது நாம் வீசியெறியும் தோலில், வெள்ளைச் சுளையில் மிகக் கொஞ்சம். போத்தலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். ஆப்பிள் சாறு, திராட்சைச் சாறு, பேரிக்காய்ச் சாறு என்று வரிசையாக வந்தது. "இதெல்லாம் இனிப்பாச்சே?" என்றார் பாட்டி. ஆமாம் பாட்டி, இனிப்புதான் என்றோம். எந்த நோயையும் குணப்படுத்தும் என்று அந்தப் போத்தலில் எங்கும் எழுதியிருக்கவில்லை. விற்றவர் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். சர்க்கரை அளவு 19க்கு ஏறியிருந்தது. மருத்துவர் கோபிக்கவில்லை, மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி, இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். திரும்பி வரும் வழியில் பாட்டி ஒன்றும் பேசவில்லை. தோட்டத்துப் பாதையில் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கடந்து சென்றது. அதிலிருந்து உதிர்ந்த நாலைந்து பழங்கள் மண்ணில் உருண்டன. பாட்டி குனிந்து அவற்றைப் பொறுக்கிப் பாதையோரத்திலிருந்த குவியலில் போட்டார். "நாப்பது வருசம் பொறுக்கின கை, வாத்தியாரே. பாத்தா சும்மா இருக்க மாட்டேங்குது" என்று சொல்லி, மஞ்சள் ஒட்டிய விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.